டாக்டரம்மா மரம்

கரடிப்பாறையில் கரடி கிடையாது, சொல்லிக்கொள்கிற மாதிரி பாறையும் கிடையாது; அந்த மலையூரில் யாராவது வந்து இறங்கினால் ஒன்று வழி தவறி வந்திருப்பார்கள், இல்லை அரசாங்கம் தூக்கிப் போட்டு வந்திருப்பார்கள். புனிதவதி இரண்டாவது வகை. தரங்கம்பாடிக் கடலோரத்தில் பிறந்து, செடிகொடிகளைப் படித்துப் பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கிய அவளை, ஊர்க்கோடியில் இருந்த அழகுத் தாவர ஆராய்ச்சி நிலையத்துக்கு விஞ்ஞானியாகப் போட்டார்கள். வரும் வழியிலேயே கண்டக்டர் செல்லப்பாண்டி, அப்போது மீசை அரும்பிய வயசு அவனுக்கு, "அழகுத் தாவரம்னா என்னம்மா, திங்கிறதா?" என்று கேட்டான். "பாக்குறது" என்றாள். "பாக்குறதுக்கா சம்பளம் குடுக்குறாய்ங்க?" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்தான். பெயர்ப்பலகையில் டாக்டர் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு ஊர் காய்ச்சலோடும் வயிற்றுவலியோடும் வாசலில் வந்து நின்றது. நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், கடைசியில் அவள் கொஞ்சம் மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டாள். அப்படித்தான் டாக்டரம்மா ஆனாள்.

அவள் வேலை கல்யாணத் தரகருக்கும் காவல்காரருக்கும் நடுவில் உள்ள வேலை. விடிந்ததும் விரியாத மொட்டைப் பிரித்து, அதன் மகரந்தத்தை இடுக்கியால் கிள்ளி எறிந்துவிட்டு, வேறொரு மரத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, வண்டும் காற்றும் மூக்கை நுழைக்காதபடி பட்டர் பேப்பர் பையால் மூடி நூல் கட்ட வேண்டும். காய் முற்றும்வரை காத்திருந்து, விதைத்து, முளைத்து வளர்ந்த அத்தனையிலும் தேறிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கூசாமல் பிடுங்கிப் போட வேண்டும். இப்படியே முள்ளில்லாத காகிதப்பூ ஒன்றை உண்டாக்கினாள், வெட்டாமலே இடுப்பளவில் நின்றுகொள்ளும் வேலிச்செடி ஒன்றை உண்டாக்கினாள், அவை ஊர் ஊராகப் போய்க் கலெக்டர் அலுவலக வாசல்களிலும் ரயில் நிலையங்களிலும் வளர்ந்தன, யார் உண்டாக்கியது என்று ஒரு ஜீவனும் கேட்கவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் உண்டு. செடிக்காரர்கள் வருத்தப்படுவதில்லை என்று சொல்பவர்கள் செடிக்காரர்களைப் பார்த்ததில்லை.

ஒரு கோடையில், தரங்கம்பாடி வீட்டுக் கொல்லையில் நின்ற சரக்கொன்றையின் மகரந்தத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து மலையின் ரோசாநிறக் கொன்றைக்கு மணம் முடித்து வைத்தாள். பிறந்த கன்றுகளில் ஒன்று தலையெடுத்துப் பூத்தது. மஞ்சளும் ரோசாவும் கலந்து, பழுக்கப் போகிற மாம்பழத்தின் கன்னம் மாதிரி ஒரு நிறம். கொத்துக் கொத்தாகத் தொங்கிய பூ, கோடை போயும் உதிரவில்லை, மழை வந்தும் உதிரவில்லை, பனி வந்தும் உதிரவில்லை. காயும் பிடிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் சந்தோஷம், ஏனென்றால் கொன்றைக்காய் விழுந்து அழுகினால் தெரு நாறும், அதைவிட, காய் பிடித்துவிட்டால் மரம் பூப்பதை நிறுத்திக்கொள்ளும். வருஷக்கணக்காக, ஒரு நாள் விடுப்பு எடுக்காமல், அந்த மரத்தின் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது ஆண்டு முழுவதும் பூக்கும் ரகம் என்று அறிவித்தாள். துறை அதற்குக் 'கரடிப்பாறை ஒன்று' என்று பெயர் வைத்தது. ஊர் டாக்டரம்மா மரம் என்று வைத்தது. ஊர் வைத்த பெயர்தான் நின்றது.

அந்தத் தாய்மரத்திலிருந்து குச்சி வெட்டி ஒட்டுக் கட்டி, பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை, ஏரியைச் சுற்றி, மாதா கோயில் பாதையில், சுடுகாட்டுச் சாலையில்கூட ஒட்டுக்கன்றுகளை நட்டார்கள். அவை வளர்ந்து பூத்ததும் மலையடிவாரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தவர்கள் மலைக்குத் தீப்பிடித்துவிட்டதோ என்று ஏறி வந்தார்கள், வந்தவர்கள் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள், லாட்ஜ் வந்தது, படகு வந்தது, புதுமணத் தம்பதிகள் மரத்துக்கு மரம் சாய்ந்து நின்று போட்டோ எடுத்தார்கள், செல்லப்பாண்டியின் மனைவி வேகவைத்த கடலை விற்றே வீட்டுக்கு மாடி எடுத்தாள். ஊராட்சித் தலைவர் பெத்தணசாமி மேடை போட்டுப் பூத்திருவிழா நடத்தினார்.

பிறகுதான் தரங்கம்பாடியில் அத்தான் இறந்துபோனார். புனிதவதிக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே அக்கா, மங்கையர்க்கரசி. அவளுடைய புருஷன் செத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? அழுதுகொண்டே பஸ் ஏறினாள். பஸ் மலையிறங்கி, அடிவாரத்துச் செக்போஸ்ட்டை ஒட்டிய கடைசி வளைவைத் தாண்டிய அந்தக் கணத்தில், கரடிப்பாறையின் எல்லா மரங்களும் எல்லாப் பூவையும் ஒரே மூச்சில் கீழே போட்டன. காற்றில்லை, மழையில்லை. தெருவில் முழங்கால் அளவுக்குப் பூ கிடந்தது, மரம் மொட்டையாக நின்றது. காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பி வந்த பஸ் அதே வளைவில் ஏறியபோது மரங்கள் மொட்டு விட்டன, பஸ் ஸ்டாண்டில் அவள் செருப்புக்கால் தரையில் படுவதற்குள் பூத்து முடித்திருந்தன.

புனிதவதிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அது ஆண்டு முழுவதும் பூக்கிற மரம் இல்லை, அவள் இருக்கும்போது பூக்கிற மரம். அவள் ஒரு நாளாவது விடுப்பு எடுத்து மலையிறங்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஓயாமல் வேலை பார்த்த ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது, அதற்காக யாரும் மெமோ கொடுக்கவும் முடியாது. அன்றைக்கு அவளுக்குப் பயமாக இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. முள்ளில்லாத காகிதப்பூ என்னைக் கேட்டதா, வேலிச்செடி கேட்டதா, இது கேட்கிறதே என்று தாய்மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேறொருத்தியாக இருந்தாலும் நின்றிருப்பாள்.

ஊர் இதற்கெல்லாம் ஆச்சரியப்படவில்லை. பால் கறக்க அதே ஆள் வந்தால்தான் நிற்கிற மாடு இருக்கிறது, அதே ஆள் எடுத்தால்தான் கிளம்புகிற வண்டி இருக்கிறது, அப்படி ஒரு மரம் இருந்தால் என்ன என்று எடுத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கள் முகூர்த்தம் பார்த்த கையோடு அவள் வாசலுக்கு வந்து, "டாக்டரம்மா, அந்த வாரம் ஊர்லதான இருப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அவள் தும்மினால் பூ வெளுத்தது, ஆகையால் அவள் தும்மாதபடி ஊர் பார்த்துக்கொண்டது: கஷாயம் வந்தது, கம்பளி வந்தது, பல்வலி என்று ஒரு வார்த்தை சொன்னால் கீழே போய்வர வேண்டாம் என்று பல் டாக்டரே பெட்டியோடு மலையேறி வந்தார். அவளுக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தபோதெல்லாம் பெத்தணசாமி இரண்டு வேன் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு போய் மந்திரி வீட்டு வாசலில் உட்கார்ந்து மாற்றலை ரத்து செய்துகொண்டு வந்தார், மாற்றலோடு பதவி உயர்வும் ரத்தானது, ஊர் வெடி வெடித்துக் கொண்டாடியது. அவளிடம் ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்டவர்கள் இயக்குநராகிக் குடும்பத்தோடு பூப்பார்க்க வந்து, "இன்னும் இங்கேதான் இருக்கீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

போகாதே என்று மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் செல்லப்பாண்டி படிக்கட்டிலேயே நின்று தலையைச் சொறிவான்.

"வண்டில ப்ரேக் கொஞ்சம் சரியில்லம்மா. உங்கள ஏத்திட்டு எதுக்கு வம்பு? நாளைக்குப் பாப்பம்."

சொல்லிவிட்டு, மற்ற எல்லோரையும் அதே வண்டியில் ஏற்றி, விசில் ஊதி, மலையிறங்கிப் போய்விடுவான். கடலைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று ஒரு நாள் அவள் ஆற்றாமையில் வாய்விட்டுவிட, அடுத்த வாரமே பெத்தணசாமி ஒரு டேங்கர் லாரியில் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டி நிரப்பி, ஓரத்தில் மணலும் கொட்டிச் சங்கும் கிளிஞ்சலும் பரப்பி வைத்தார். ஊரே சுற்றி நின்று பார்த்தது. பார்க்கிறார்களே என்று அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு காலை நனைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், மரங்கள் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் பூத்துக்கொண்டிருந்தன.

ஓய்வு பெற்றதும் தரங்கம்பாடிக்கு வந்துவிடுவேன், இரண்டு பேரும் ஒன்றாக இருப்போம் என்று அக்காவிடம் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். மங்கை அதற்காக இரண்டாவது கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தாள். ஓய்வு வந்தது, ஊர் பொன்னாடை போர்த்தி, தாய்மரத்துக்கு எதிரிலேயே புதுவீடு கட்டிச் சாவியைக் கையில் கொடுத்தது. இதற்கிடையில் மங்கையின் கண்ணில் பிரஷர் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. "நடுவுல மட்டும் தெரியுதுடி, கதவு இடுக்கு வழியாப் பாக்குற மாதிரி. அதுவும் மூடறதுக்குள்ள ஒன்ன ஒரு தடவ பாத்துடணும்" என்று போனில் சொன்னாள். பஸ்ஸை நம்பாமல் புனிதவதி ஒரு நாள் குறுக்குப் பாதையில் நடந்தே இறங்கினாள். கடைசி வளைவு வரை வந்துவிட்டாள். மறுநாள் செல்லப்பாண்டி மகளுக்கு அந்த மரங்களின் அடியில் கல்யாணம். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயசில் முதல் காய்ச்சல் வந்தபோது மாத்திரை கொடுத்ததே புனிதவதிதான். வளைவுக்கு ஓர் அடி இந்தப் பக்கமே நின்று மலையைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவளாகவே மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டாள். அவளைப் பிடித்து வைத்திருந்தது ஊர் மட்டும் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை.

இவள் வரமாட்டாள் என்று தெரிந்து மங்கையே கிளம்பி வந்தாள். பாதிக் கண்ணோடு மூன்று பஸ் மாறி, கொல்லைச் சரக்கொன்றையில் பூத்த ஒரு கொத்தை ஈரத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். ஊர் அவளை மேளதாளத்தோடு வரவேற்றது. அக்காவும் இங்கேயே இருந்துவிட்டால் பிரச்சினையே தீர்ந்தது என்று பெத்தணசாமி ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தே வைத்திருந்தார்.

"இங்கியே இருந்துருங்க பெரியம்மா. ஒங்களுக்கு என்ன கொற?"

"கொற ஒண்ணும் இல்ல தம்பி" என்றாள் மங்கை. "எங்க வீட்டுல எந்தப் படி எங்க இருக்குன்னு என் காலுக்குத் தெரியும். கடல் சத்தம் எந்தப் பக்கம் கேக்குதோ அது கெழக்கு. கண்ணு போனப்புறம் எனக்கு அது போதும். இங்க எனக்கு எது கெழக்குன்னு எவன் சொல்லுவான்?"

பெத்தணசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்ததும் அக்காவும் தங்கையும் தாய்மரத்தின் அடியில் உட்கார்ந்திருந்தார்கள். மங்கை ஒரு கிளையை எட்டிப் பிடித்து, பூவையும் இலையையும் விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"ஏண்டி புனிதா, இவ்வளவு பெரிய மரமாயிருக்கு, ஒரு காயக்கூடக் காணுமே?"

"காய்க்காதுக்கா. அப்படிப் பாத்துத்தான் எடுத்தேன்" என்றாள் புனிதவதி. எத்தனையோ திருவிழாவில் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமான பதில். "காய் பிடிச்சா பூ நின்னு போயிடும்."

சொன்னவள் அப்படியே வாயை மூடிக்கொண்டாள். இந்த வார்த்தையை அவள் வாய் சொல்லியிருக்கிறது, அவள் காது இன்றைக்குத்தான் கேட்டது. ஒரு மரம் எதற்குப் பூக்கிறது என்பது முதல் வகுப்புப் பாடம். அந்த வேலை முடியாதபடி பார்த்துக்கொண்டு, இத்தனை வருஷமும் அதைப் பூக்கச் சொல்லி நிறுத்தி வைத்தது யார்? மரம் தன்னைக் கட்டிப் போட்டிருக்கிறது என்றல்லவா புலம்பிக்கொண்டிருந்தாள். முதலில் கட்டிப் போட்டவள் அவள்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"என்னடி பேச்சக் காணும்?"

"அக்கா, அந்த ஈரத்துண்டு எங்க?"

பழைய பெட்டியிலிருந்து இடுக்கியையும் தூரிகையையும் தேடி எடுத்தாள். மங்கை கிளையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள், பார்வை போகிறவள் பிடித்த பிடி ஆடவே இல்லை. மொட்டைப் பிரித்து, கிள்ள வேண்டியதைக் கிள்ளி, தரங்கம்பாடிக் கொன்றையின் மகரந்தத்தைத் தடவி, பட்டர் பேப்பர் பையை மாட்டி நூல் கட்டினாள். அந்த மரத்துக்கு அப்பன் வழி உறவு அது. முன்பு புது நிறம் தேடி எத்தனையோ மகரந்தத்தைத் தடவிப் பார்த்துப் பலிக்காமல் விட்டிருக்கிறாள், இதை மட்டும் தடவியதில்லை. அன்று மதியமே மங்கை ஊர் திரும்பினாள். பஸ் ஏறும்போது, "வருவியா, மாட்டியா, அத மட்டும் சொல்லு" என்றாள். "வருவேன்" என்றாள் புனிதவதி. எப்போதும் சொல்கிற வார்த்தைதான் என்று மங்கை நினைத்துக்கொண்டாள்.

மரத்தில் ஒற்றைக் காகிதப்பை தொங்குவதைப் பார்த்து ஊருக்கு ஒரே குஷி. டாக்டரம்மா மறுபடியும் வேலையில் இறங்கிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். பெத்தணசாமி காலையும் மாலையும் வந்து அண்ணாந்து பார்த்தார். "அடுத்து ஊதாவாம்மா? ஊதான்னா வடநாட்டுக்காரனே வருவான்" என்றார். அவள் சிரித்து வைத்தாள். சோறு இறங்கவில்லை. செல்லப்பாண்டி மனைவியின் கடலைக் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ராத்திரியில் எழுந்து போய்ப் பையைக் கழற்றி எறிந்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். போனில் அக்கா, "இப்ப வெளிச்சம் மட்டுந்தாண்டி தெரியுது" என்று சொன்ன நாளில் அந்த யோசனையை விட்டாள்.

பைக்குள் பச்சையாக, தீக்குச்சி நீளத்தில் ஒரு காய் வந்தது. எல்லா மரமும் அந்த ஒரு மரத்தின் குச்சிதானே. பஸ் ஸ்டாண்டு மரத்தில் வந்தது, ஏரிக்கரை மரத்தில் வந்தது, மாதா கோயில் பாதையிலும் சுடுகாட்டுச் சாலையிலும் வந்தது, யாரும் தொடாத, எந்த மகரந்தமும் படாத கிளையெல்லாம் மெல்லிய பச்சைக் காய்களாகத் தொங்கின. பூக்கள் உதிர்ந்தன. முன்பு மாதிரி ஒரே மூச்சில் கோபித்துக்கொண்டு உதிரவில்லை. வேலை முடிந்த கூலியாட்கள் வீட்டுக்குப் போகிற மாதிரி ஒன்றிரண்டாக, பேசிக்கொண்டே போவது போல உதிர்ந்தன. அவள் ஊரில்தான் இருந்தாள். தும்மவில்லை, இருமவில்லை. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிப் பூவும் விழுந்தது.

ஊர் திரண்டு வந்து நின்றது. பெத்தணசாமி முன்னால் வந்தார்.

"என்னம்மா பண்ணிட்டீங்க?"

"காய்க்க விட்டுட்டேன்."

"திரும்பப் பூக்குமா?"

"கோடையில பூக்கும், எல்லாக் கொன்றையும் பூக்குற மாதிரி. அப்புறம் காய்க்கும். நான் இருந்தாலும் அப்படித்தான், இல்லாட்டியும் அப்படித்தான்."

யாரும் கல்லெடுக்கவில்லை, ஏசவில்லை, ஏசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். செல்லப்பாண்டியின் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றாள். "சொன்னா விட்டிருப்பீங்களா?" என்று புனிதவதி கேட்டாள். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, மாட்டோம் என்றாள். கூட்டம் கொஞ்ச நேரம் மரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது, பிறகு கலைந்தது. மறு வாரமே லாட்ஜ்காரன் வாடகையைக் குறைத்தான், யாரோ ஒருவர் கொன்றைக்காய் வயிற்றுக்கு நல்லது என்று பொட்டலம் போட்டார், அடுத்த வருஷத்துக்குக் காய்த்திருவிழா என்று பேனர் அடித்தால் எடுபடுமா என்று பெத்தணசாமி நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவள் பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். செல்லப்பாண்டி படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான், மீசை இப்போது முழுக்க வெள்ளை.

"ப்ரேக் எப்படி?" என்று கேட்டாள்.

"ப்ரேக் என்னைக்கும் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றான். அவள் பையை அவனே வாங்கி மேலே வைத்தான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ் இறங்கியது. கடைசி வளைவு வந்தபோது பூப்பார்க்கிற பழக்கதோஷத்தில் வண்டியில் இருந்த எல்லோரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். செக்போஸ்ட் வந்தது, போனது. மலை பச்சையாக இருந்தது, பச்சையாகவே இருந்தது, ஒரு காய்கூட விழவில்லை. அவள் போவது எந்த மரத்துக்கும் தெரியவில்லை. இதற்காகத்தான் இத்தனை வருஷம் ஏங்கினாள், ஆனாலும் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். செல்லப்பாண்டி விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊதாமல், ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. வாசல் கதவு திறந்தே கிடந்தது. மங்கை கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினாள். கண் இரண்டும் திறந்துதான் இருந்தன. அந்தக் கண்கள் புனிதவதியின் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தன, பிந்திவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு?"

"நான்தான்க்கா."

மங்கை கீரையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். புனிதவதி குனிந்து முகத்தைக் கொடுத்தாள். அக்காவின் கை நெற்றியில் தொடங்கி, மூக்கு, கன்னம், ஈரம், தாடை என்று இறங்கி வந்தது.

"வத்தலா போயிட்ட" என்றாள் மங்கை. பிறகு எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "எத்தன நாளு லீவு?"

புனிதவதி கொல்லைப் பக்கம் பார்த்தாள். பின்கதவு வழியாகச் சரக்கொன்றை தெரிந்தது. பூ இல்லை. இது அதன் பருவம் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு மொட்டுக்கூட வரவில்லை.

"லீவு இல்லக்கா."

மங்கை கீரையை மறுபடியும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். கடல் சத்தம் கேட்டது.

"அப்ப செருப்ப வாசல்ல விடாத, நாயி தூக்கிட்டுப் போயிடும்" என்றாள். "உள்ள கொண்டாந்து என் செருப்புகிட்ட போடு."